சுட்டெண்ணும் சான்றுப் பட்டியலும்: மருத்துவ இதழுக்குக் கட்டுரை அனுப்புவோருக்கு ஓர் எளிய விளக்கம்

"எல்லாம் முடிஞ்சிருச்சு, ரெஃபரன்ஸை மட்டும் வான்கூவர்ல போட்டாப் போதும்" என்பது மருத்துவ முதுநிலை மாணவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதைச் சொல்பவர் அரை மணி நேர வேலை மிச்சமிருப்பதாக நினைத்திருப்பார்; விடிந்த பிறகும் அது முடிந்திருக்காது. வான்கூவர் என்பது சான்றுகளை எண்ணிட்டுக் காட்டும் ஒரு முறை; அதை ஒரு மென்பொருள் என்று எண்ணுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுரையை எழுதி முடித்த பின் கடைசியில் பூசும் வண்ணம் என்று எண்ணுபவர்கள் அவர்களைவிட அதிகம். புள்ளியும் காற்புள்ளியும் எங்கே வர வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதிடும் பலர், அந்தப் புள்ளி எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசித்ததில்லை. அந்தக் காரணம் விளங்கிவிட்டால் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு பொருள், ஒரே சொல்

தமிழில் எழுதும்போது தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் வருகிறது. பிறர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதுவதையும், ஒரு கருத்துக்கு ஆதாரம் காட்டுவதையும் 'மேற்கோள்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். மருத்துவக் கட்டுரைகளில் பிறருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்தாள்வது அரிது. அவர்கள் கண்டறிந்ததை நம் சொற்களில் சொல்லிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதே வழக்கம். சொந்த நடையில் மாற்றி எழுதிவிட்டதால் ஆதாரம் காட்டத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மாறியது சொல் மட்டுமே. கண்டுபிடிப்பு இன்னும் அவர்களுடையதுதான்.

ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துகிறேன். கட்டுரையின் உடலுக்குள், ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் நாம் இடும் சிறு எண் சுட்டெண். ஆங்கிலம் கலந்த பேச்சில் இதைச் சைட்டேஷன் என்கிறோம். கட்டுரையின் இறுதியில் அதே எண்ணுடன் நிற்கும் முழு விவரம் சான்றுக் குறிப்பு; ரெஃபரன்ஸ் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். சான்றுக் குறிப்புகளின் வரிசையே சான்றுப் பட்டியல்.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது கையில் கிடைக்கும் டோக்கனை நினைத்துப் பாருங்கள். 47 என்று எழுதிய அந்தத் தகட்டில் நம் செருப்பைப் பற்றி ஒரு செய்தியும் கிடையாது. 47ஆம் அடுக்கில் செருப்பு இருந்தால்தான் தகட்டுக்கு மதிப்பு. சுட்டெண் அந்தத் தகடு, சான்றுக் குறிப்பு அந்த அடுக்கு. அடுக்கில்லாத தகடும், தகடு யாரிடமும் இல்லாத அடுக்கும் கட்டுரையில் இருக்கக் கூடாது. படித்தேன் என்பதற்காக, கட்டுரையில் எங்கும் சுட்டாத நூல்களைக் கடைசியில் சேர்ப்பது 'துணைநூற்பட்டியல்' எனப்படும் வேறொரு மரபு. மருத்துவ இதழ்களில் அதற்கு இடமில்லை.

எல்லா வாக்கியத்துக்கும் டோக்கன் தேவையா என்றால், இல்லை. மனித இதயத்துக்கு நான்கு அறைகள் என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ஓர் எண்ணிக்கை, ஒரு விகிதம், ஒரு சிகிச்சையின் பலன், கருத்து வேறுபாடுள்ள ஒரு கூற்று ஆகியவற்றுக்கு வேண்டும். 'என்மனார் புலவர்' என்று பெயர் சொல்லாமல் முன்னோரைக் காட்டி நகரும் உரிமை இலக்கணக்காரர்களுக்கு இருந்தது. மருத்துவருக்கு அது இல்லை.

வான்கூவர் எங்கிருந்து வந்தது

1978ஆம் ஆண்டு ஜனவரியில், பொது மருத்துவ இதழ்கள் சிலவற்றின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஒரு கட்டுரையை ஓர் இதழ் ஏற்காவிட்டால், அடுத்த இதழுக்கு அனுப்புவதற்காக முழுவதையும் வேறு வடிவில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்த காலம் அது. எந்த இதழுக்கு அனுப்பினாலும் ஏற்கத்தக்க பொது வடிவம் ஒன்றை அவர்கள் வகுத்தார்கள். 1979இல் அது வெளியானது. கூடிய ஊரின் பெயரே குழுவுக்கும், பின்னர் அந்த முறைக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குழு வளர்ந்து, இன்று ஐ.சி.எம்.ஜே.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக இருக்கிறது. சான்றுக் குறிப்புகளின் நுணுக்கமான வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வகுத்துத் தருகிறது. பப்மெட் என்ற தேடுதளத்தை நடத்துவதும் அந்த நூலகம்தான்.

இதன் மையக் கருத்து மிக எளியது. கட்டுரையில் முதலில் சுட்டப்படுவது 1, அடுத்தது 2. பட்டியல் அகர வரிசையில் இராது, தோன்றிய வரிசையில் இருக்கும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் ஹார்வர்டு முறையிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: சுட்டெண் ஒரு டோக்கன், அது காட்டும் முழு விவரம் சான்றுக் குறிப்பு, தோன்றிய வரிசையில் எண்ணிடுவது வான்கூவர் முறை. அது மென்பொருளும் அல்ல, ஒரே அச்சில் வார்த்த சட்டமும் அல்ல. ஒவ்வோர் இதழும் அதில் தன் பங்குக்குச் சில மாற்றங்களைச் செய்துகொள்கிறது.

நான்கெல்லை

பழைய நிலப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும்: சர்வே எண், கிராமம், வட்டம், பிறகு கிழக்கே இன்னாருடைய தோட்டம், மேற்கே வாய்க்கால், வடக்கே பாதை, தெற்கே இன்னாருடைய புன்செய் என்று நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் பிழையாகிவிட்டாலும், எல்லைகளைக் கொண்டு நிலத்தை அடையாளம் காணலாம். சான்றுக் குறிப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது. பல விவரங்களை ஒன்றாகக் கொடுப்பதால், ஒன்று தவறினாலும் மற்றவை வாசகரைக் கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஓர் உண்மையான குறிப்பைப் பார்ப்போம். கையெழுத்துப் படியில் இது ரோமன் எழுத்தில் இருக்கும். இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன்; தலைப்பின் பொருள், 'போதை கலந்த வலிநிவாரணி பெற்ற நோயாளிகளிடையே அடிமையாவது அரிது' என்பது.

1. போர்ட்டர் ஜே, ஜிக் எச். அடிக்‌ஷன் ரேர் இன் பேஷண்ட்ஸ் ட்ரீட்டட் வித் நார்காட்டிக்ஸ். என் இங்கில் ஜே மெட். 1980;302(2):123.

முதலில் ஆசிரியர்கள். குடும்பப் பெயர் முன்னால், முன்னெழுத்து பின்னால். முன்னெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஏனெனில் இந்த முறையில் புள்ளிக்கு வேறு வேலை இருக்கிறது: ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குவதை அது அறிவிக்கிறது. ஆசிரியர் பகுதி முடிந்தால் புள்ளி, தலைப்பு முடிந்தால் புள்ளி, இதழின் பெயர் முடிந்தால் புள்ளி. முன்னெழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்தால் எல்லைக் கல்லும் வழியில் கிடக்கும் கல்லும் ஒன்றாகிவிடும்.

தலைப்பில் முதல் சொல்லின் முதலெழுத்தும் சிறப்புப் பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் வரும். அடுத்தது இதழின் பெயர்: நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்பது 'என் இங்கில் ஜே மெட்' என்று சுருங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கங்களை நாமே உருவாக்கிக்கொள்ளக் கூடாது. தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் ஒவ்வோர் இதழுக்கும் உரிய சுருக்கம் இருக்கிறது. லான்செட் போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்குவதில்லை.

பிறகு எண்களின் கோவை. 1980 ஆண்டு. 302 என்பது தொகுதி, அதாவது பல இதழ்களைச் சேர்த்துக் கட்டும் கட்டின் எண். அடைப்புக்குள் இருக்கும் 2 அந்தத் தொகுதிக்குள் எத்தனையாவது இதழ் என்பது. முக்காற்புள்ளிக்குப் பின் இருப்பது பக்கம். ஒரு கட்டுரை 637ஆம் பக்கத்திலிருந்து 641 வரை ஓடினால் 637-41 என்று எழுதுவார்கள். மீண்டும் வரும் இலக்கத்தை விட்டுவிடுவது வழக்கம்.

ஆசிரியர்கள் ஆறு பேர் வரை இருந்தால் எல்லாரையும் எழுத வேண்டும். அதற்கு மேல் போனால் முதல் ஆறு பேரை எழுதி, 'மற்றும் பிறர்' என்ற பொருளில் 'எட் அல்' என்ற லத்தீன் தொடரைச் சேர்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முறையில் ஆறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் முதல் மூவரோடு நிறுத்திக்கொள்வார்கள். அனுப்பப்போகும் இதழின் வழிகாட்டியை முதலில் படியுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இப்போதெல்லாம் குறிப்பின் இறுதியில் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணையும் பல இதழ்கள் கேட்கின்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் இது எப்போதும் 10 என்ற எண்ணோடும் ஒரு புள்ளியோடும் தொடங்கும். பதிப்பகம் கைமாறலாம், இணைய முகவரி மாறலாம், இந்த எண் மாறாது. சர்வே எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலுக்குப் பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு. இணையப் பக்கத்துக்குப் பார்த்த தேதி. வகை மாறினால் விவரம் மாறும், நோக்கம் மாறாது.

நம் பெயர்கள் படும் பாடு

குடும்பப் பெயர் முன்னால் என்ற விதி தமிழர்களைத் தனியாக வதைக்கிறது, ஏனெனில் நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. கந்தசாமியின் மகன் ராஜேந்திரன், கே. ராஜேந்திரன் என்று கையெழுத்திடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ராஜேந்திரன் கே' என்று எழுதினால் சிக்கலில்லை. கடவுச்சீட்டுக்காக அவர் பெயரை ராஜேந்திரன் கந்தசாமி என்று விரித்த நாளில் சிக்கல் தொடங்குகிறது. இதழின் படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'கந்தசாமி ஆர்' என்று அச்சிடும். வாழ்நாளில் ஆய்வுக்கூடத்தையே பார்த்திராத அப்பா ஆசிரியராகிவிடுவார்; மகனுடைய கட்டுரைகள் பப்மெட்டில் இரண்டு வெவ்வேறு மனிதர்களுடையவையாகப் பிரிந்து கிடக்கும்.

முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தைத் தேர்ந்து, அதையே கடைசி வரை பிடித்துக்கொள்வதுதான் வழி. 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், அது இலவசம். பிறரைச் சுட்டும்போது, அவர்கள் பெயர் உண்மையில் எப்படியிருக்க வேண்டும் என்ற ஆராய்ச்சி வேண்டாம். பப்மெட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

எண்கள் ஓடும் விதம்

ஒரு கட்டுரைக்கு 4 என்ற எண் கிடைத்துவிட்டால், அதைப் பத்து இடங்களில் சுட்டினாலும் எண் 4தான். தொடர்ச்சியான மூன்று, நான்கு சான்றுகளை 5-8 என்று சேர்த்து எழுதலாம். சுட்டெண்ணை அது தாங்கும் கூற்றின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஐந்து வாக்கியங்களில் ஐந்து செய்திகளைச் சொல்லிவிட்டுப் பத்தியின் இறுதியில் மொத்தமாக எண்களைக் கொட்டினால், எந்தச் செய்திக்கு எந்த ஆதாரம் என்று வாசகர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

எண்ணை மேலெழுத்தாக இடும் இதழ்களில் ஒரு விபத்துக்கு வாய்ப்புண்டு. 'நோயாளிகளின் சராசரி வயது 42' என்ற தொடரை ஒட்டி மூன்றாம் சான்றைச் சுட்டினால், அச்சில் 42³ என்று வரும். வயது 42இன் கனமாகிவிடும். எண்ணுக்கு அருகில் சுட்டெண் வராதபடி வாக்கியத்தை மாற்றிவிடுவது நல்லது.

அட்டவணைக்குள் வரும் சான்றுகளுக்கு எண்ணிடுவதில்தான் மிகுதியானோர் தவறுகிறார்கள். அட்டவணைகள் கையெழுத்துப் படியின் கடைசியில் இருப்பதால், அவற்றின் சான்றுகளுக்கும் கடைசி எண்களைக் கொடுத்துவிடுகிறார்கள். கட்டுரையின் உடலில் அந்த அட்டவணை முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் அதன் சான்றுகள் வரிசைக்குள் நுழைகின்றன. 14ஆம் சான்றுக்குப் பிறகு 'அட்டவணை 2 காண்க' என்று எழுதியிருந்தால், அந்த அட்டவணையில் புதிதாக வரும் முதல் சான்று 15.

எண்களைக் கையால் தட்டச்சு செய்தவர்களின் கதையையும் சொல்ல வேண்டும். முப்பது சான்றுகள் கொண்ட கட்டுரையில், வழிகாட்டியான பேராசிரியர் கடைசி நேரத்தில் முன்னுரையில் ஒரு சான்றைச் சேர்க்கச் சொல்வார். அது 4 ஆகும். பழைய 4 முதல் 30 வரை ஒவ்வொன்றும் ஓர் எண் நகர வேண்டும், பட்டியலிலும் உடலிலும். ஓரிடத்தில் விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் தவறான சுட்டெண்ணும் பார்வைக்குச் சரியான சுட்டெண்ணைப் போலவே இருக்கும். நீரிழிவு பற்றிய கூற்றின் பக்கத்தில் இருக்கும் 12, கண்புரை பற்றிய கட்டுரைக்கு வாசகரை அனுப்பிவைக்கும்.

மூலப்பத்திரத்தைப் பார்த்தீர்களா?

நிலம் வாங்குகிறவர் புரோக்கர் சொன்னதை நம்பிப் பணம் கொடுப்பதில்லை, மூலப்பத்திரத்தைக் கேட்கிறார். சான்று காட்டுவதில் நாம் அவ்வளவு விழிப்பாக இருப்பதில்லை. என் முதல் கட்டுரையில், ஒரு பழைய ஆய்வைப் படிக்காமலே, வேறொருவருடைய பட்டியலிலிருந்து அதன் குறிப்பைப் பிரதியெடுத்துச் சேர்த்திருந்தேன். இந்தக் கட்டுரை கிடைக்கவில்லை என்று மதிப்பாய்வாளர் எழுதினார். தேடியபோது, நான் பிரதியெடுத்த பட்டியலிலேயே தொகுதி எண் தவறு என்று தெரிந்தது. அந்தப் பிழையை என் பெயரில் அடுத்த தலைமுறைக்கு அனுப்ப இருந்திருக்கிறேன்.

தொகுதி எண் பிழையானால் வாசகருக்கு அலைச்சல், அவ்வளவுதான். பொருளே பிழையானால் என்ன ஆகும் என்பதற்கு, மேலே மாதிரியாகக் காட்டிய 1980ஆம் ஆண்டுக் குறிப்பே எடுத்துக்காட்டு. அது ஆய்வுக்கட்டுரை அல்ல, இதழாசிரியருக்கு எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் உள்நோயாளிகளாக இருந்து போதை கலந்த வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப்பழக்கம் இல்லாதவர்களிடையே நால்வர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்று அது சொன்னது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கும் நாள்பட்ட வலி நோயாளிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

2017இல் அதே இதழில் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கடிதத்தைச் சுட்டிய 608 வெளியீடுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 439, அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டியிருந்தன. 491 வெளியீடுகள், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓபியாய்டு எனப்படும் இவ்வகை வலிநிவாரணி மாத்திரைகள் தாராளமாக எழுதப்பட்டு, பெரும் பொது சுகாதார நெருக்கடி உருவான காலம் அது. இப்போது அந்தக் கடிதத்தின் இணையப் பக்கத்தில், இது விமர்சனமின்றி மிகுதியாகச் சுட்டப்பட்டிருக்கிறது என்று இதழே எச்சரிக்கை வைத்திருக்கிறது. அந்த 608இல் பலவற்றில் தொகுதி, இதழ், பக்கம் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். பத்திரத்தின் எண்ணைச் சரியாக எழுதியவர்கள் பத்திரத்தைப் பிரித்துப் படிக்கவில்லை.

சுருக்கமாக: வடிவம் சரியாக இருப்பது வாசகர் சான்றை அடைய உதவும், அங்கே நாம் சொன்னது இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சுருக்கவுரையை மட்டும் படித்துவிட்டுச் சுட்டுவது, பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து நிலம் வாங்குவதற்குச் சமம்.

வில்லங்கம்

மூலப்பத்திரம் சரியாக இருந்தாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது வழக்கம், ஏனெனில் அதற்குப் பிறகு ஏதாவது நடந்திருக்கலாம். வெளியான கட்டுரையை நம்ப முடியாது என்று பின்னர் தெரிந்தால் இதழ் அதைத் திரும்பப் பெறும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கு எதிரான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி அச்சத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் 2010 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். திரும்பப் பெற்றாலும் கட்டுரை மறைந்துவிடுவதில்லை, பழைய பி.டி.எஃப். கோப்பு யாருடைய கணினியிலோ எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை, அது திரும்பப் பெறப்பட்டதைப் பற்றிப் பேசுவதற்காக அன்றி, ஆதாரமாகச் சுட்டக் கூடாது. அதைச் சரிபார்ப்பது கட்டுரை எழுதுபவரின் பொறுப்பு என்று ஐ.சி.எம்.ஜே.இ. சொல்கிறது. பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தாலே எச்சரிக்கை தெரியும். சேமித்து வைத்த கோப்பை நம்பாமல், அனுப்புவதற்கு முன் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டால் போதும்.

மென்பொருள் செய்வதும் செய்யாததும்

ஜொட்டெரோ, மெண்டலே, எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் எண்களை நகர்த்தும் துன்பத்தை முற்றிலும் ஒழித்துவிட்டன. ஜொட்டெரோ இலவசம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை நம் சேகரிப்பில் இருந்தால் அது எச்சரிக்கவும் செய்யும். ஆனால் உள்ளே போன விவரம் தவறாக இருந்தால், அந்தத் தவறை அழகாக வான்கூவர் வடிவில் அடுக்கித் தருவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வருவதும், 'உலக சுகாதார நிறுவனம்' என்பது முன்னெழுத்துள்ள ஒரு தனிமனிதராக மாறிப்போவதும் நான் வாரந்தோறும் திருத்தும் பிழைகள்.

எல்செவியர் பதிப்பகம் தன் வழிகாட்டியில், வடிவத்தைக் காட்டுவதற்காக, 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு கற்பனைக் குறிப்பைக் கொடுத்திருந்தது. அப்படியொரு கட்டுரையும் இல்லை, இதழும் இல்லை. ஆனால் அதை ஏறக்குறைய நானூறு உண்மையான வெளியீடுகள் சுட்டியிருப்பது 2017இல் கவனத்துக்கு வந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்களே அவர்களில் பெரும்பகுதியாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

அது மறதி. இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சான்று கேட்டு வாங்கி ஒட்டுபவர்களின் பட்டியல்களில் வருவது வேறு வகை. இதழ் உண்மையானது, ஆசிரியர் அந்தத் துறையில் எழுதுபவர், ஆண்டுக்கும் தொகுதிக்கும் பொருத்தம் இருக்கிறது, புள்ளியும் அரைப்புள்ளியும் என் மாணவர்கள் எவரும் எழுதியிராத அளவுக்குத் துல்லியம். டி.ஓ.ஐ. எண்ணை இட்டுத் திறந்து பார்த்தால், ஒன்று எதுவும் வராது, அல்லது அந்தப் பக்கத்தில் வேறு யாரோ, வேறு எதைப் பற்றியோ எழுதிய கட்டுரை இருக்கும். சர்வே எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்ப் பார்த்தால், அந்த வயலில் வேறொருவர் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார்.